ஊருக்குள் வராதே, ஊரை விட்டுப் போகாதே

சபையில் சாட்சி சொல்ல எழும்புகிறவள் துதியோடு தொடங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும், சகோதரங்களே. ஆனால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. துதி கடைசியில் வரும், அதுவரை பொறுத்திருங்கள். நான் சொல்லப்போகிறது இந்த மண்டபத்தில் இருக்கிற சிலருக்கு இனிக்காது. மச்சாள், நீங்களும் அந்தக் கதிரையை விட்டு எழும்பாமல் இருங்கள். உங்களுக்கும் இதில் ஒரு நன்றி இருக்கிறது.

என்னை உங்களுக்குத் தெரியும். ரஞ்சினி, மட்டக்களப்புக்காரி, வாய் கொஞ்சம் நீளம். என் மனிசன் அன்ரன் வெல்டிங் தொழிலாளி. வாய் இல்லாத மனிசன். கட்டார் நாட்டில் ஏழெட்டு வருடம் வெயிலில் நின்று தொழில் பழகியவர். அவர் இரும்பை ஒட்டினால் ஒட்டின இடத்தைத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கைக்காகத்தான் எங்களை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டார்கள். நாங்கள் அகதியாக வரவில்லை. தொழில் தெரிந்தவர்களைத் தூர ஊர்களில் குடியேற்றுகிற தற்காலிக விசாவில் வந்தோம். மொன்ட்ரியாலில் இருந்து வடக்கே, பஸ்ஸில் போனால் ஒரு பகல் முழுக்க மரமும் ஸ்நோவும்தான் தெரியும், அப்படி ஒரு சின்ன ஊர். மரம் அரிகிற மெஷின்களுக்கு இரும்புச் சட்டம் செய்கிற ஒரு பெக்டரி. அந்த ஊரில் இருக்க வேண்டும், அந்த பெக்டரியில்தான் வேலை செய்ய வேண்டும். ஒழுங்காக இருந்தால் பிறகு நிரந்தரம் தருவார்கள். ஆட்டைப் புல் இருக்கிற இடத்தில் கட்டிவைக்கிற மாதிரி. கயிறு எட்டுகிற தூரம்வரை மேயலாம். நாங்களும் மேய்ந்தோம். எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. யன்னலடியில் இருந்து ஸ்நோ விழுகிறதைப் பார்ப்பேன், ஊரில் சண்டை எந்தப் பக்கம் என்று ரேடியோவில் கேட்பேன், ஜெபிப்பேன்.

2006ஆம் ஆண்டு மார்கழி, நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய கிழமை. பெக்டரிக்கு ஓடர் குறைந்துவிட்டது. போர்மன் இவரை எல்லார் முன்னாலும் கூப்பிட்டு, உனக்கு வேலை இல்லை, நாளைக்கு வராதே என்று சொல்லிவிட்டான். கடைசியாக வந்தவன் முதலில் வெளியே. இவர் சண்டை பிடிக்கவில்லை. தன்னுடைய வெல்டிங் முகமூடியையும், கட்டாரில் இருந்து கொண்டுவந்த சொந்தச் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு ஸ்நோவுக்குள்ளால் நடந்து வீட்டுக்கு வந்தார். நான் அழுதேன். இவர்தான் என்னைத் தேற்றினார்.

"விடு புள்ள. வேற கொம்பனி பாப்பம். நான் ஒருத்தரோடயும் கோவிச்சிட்டு வரல்ல. எல்லார்ட கையையும் பிடிச்சிச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான். போர்மனுக்கும் அறைக்குள்ள போய்ச் சொன்னனான்."

"அவன் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல்ல. பேயக் கண்டவன் மாதிரி முழிச்சான். என்னை நிப்பாட்டினது அவனுக்கும் கவலையாக்கும்."

பாருங்கள், தன்னை வேலையால் நிற்பாட்டினவனுக்காக இந்த மனிசன் கவலைப்பட்டார்.

பொழுதுபட முதல் பொலிஸ் கார் வந்து வாசலில் நின்றது. இரண்டு பேர். ஒரு கடதாசியைப் பார்த்து ஏதோ ஒரு வரியை வாசித்து, இதைச் சொன்னாயா என்று பிரெஞ்சில் கேட்டார்கள். இவர் "உய்", ஓம், என்றார். கையில் சுத்தியல் இருந்ததா? "உய்." சிரித்தாயா? அதற்கும் "உய்." எனக்கு அப்போது பிரெஞ்சில் வணக்கமும் நன்றியும் தவிர வேறு தெரியாது. கையில் விலங்கு போட்டபோதுதான் எனக்கு விளங்கியது. இவர் சப்பாத்துப் போடக் குனிந்தார், விலங்கோடு கயிறு கட்ட முடியவில்லை. நான் இருந்து கட்டிவிட்டேன்.

போர்மனை வெருட்டியதாக வழக்கு. அடுத்த நாள் விட்டார்கள், ஆனால் ஒரு கட்டளையோடு விட்டார்கள். வழக்கு முடியும்வரை அந்த ஊர் எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது. சரி, விசா என்ன சொல்கிறது? அந்த ஊரில்தான் இருக்க வேண்டும். ஒரே அரசாங்கத்தின் ஒரு கை ஊருக்குள் வராதே என்கிறது, மற்றக் கை ஊரை விட்டுப் போகாதே என்கிறது. இரண்டில் எதை மீறினாலும் எங்களைத்தான் இலங்கைக்குப் பிளேன் ஏற்றுவார்கள். மட்டக்களப்பில் அப்போது செல் குண்டு விழுந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்துச் சனம் எல்லாம் பாயும் பானையுமாகப் பள்ளிக்கூடங்களில் கிடந்தது. இவருடைய அம்மாவும் அதற்குள்தான்.

வேறு போக்கிடம் இல்லாமல் மொன்ட்ரியால் நோர் பகுதியில் இருந்த இவருடைய அக்கா வீட்டுக்கு வந்தோம். இதோ இருக்கிறாவே, என் மச்சாள், அவவின் வீடு. மூன்றாம் மாடி, வெளியால் இரும்புப் படி. எங்களுக்கு ஹோலில் ஒரு மெத்தை. மச்சாள் அகதியாக வந்து, தையல் பெக்டரியில் விரல் தேய்ந்து, குடியுரிமை எடுத்து நாட்டுக்காரியாக ஆனவ. தான் பட்ட பாட்டை எங்கள் தலையில் ஒவ்வொரு நாளும் இறக்கி வைத்தா.

"நாங்க குளிருக்குள்ள அகதியா வந்து நிண்டம். நீங்க வேலையும் கையுமா பிளேனில வந்திறங்கின ஆக்கள். இப்ப என்ன கா நடந்திச்சு? தவளை தன் வாயால கெட்டுது."

சமையல் நான், துடைத்தல் நான், அவவின் உடுப்பு மடித்தல் நான். உப்புக் குறைந்தால் ஒரு பேச்சு, கூடினால் இரண்டு. எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பதையும் அவ விடவில்லை. "நல்ல காலம், இந்தக் கோலத்தில ஒரு குஞ்சும் இல்ல" என்று என் முகத்துக்கு நேரே சொன்னா. நான் கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு மலகூடத்துக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

அரசாங்கம் ஒரு லோயரைத் தந்தது. இளம் பெண், மேசை நிறைய வழக்கு. மச்சாள்தான் மொழிபெயர்க்க வந்தா. லோயர் கடதாசியைப் புரட்டிப் பார்த்தா, இவரைப் பார்த்தா, ஏதோ சொன்னா. மச்சாள் தமிழாக்கினா: "அந்தச் சொல்லைச் சொன்னதை நீயே பொலிசில ஒத்துக்கொண்டிட்டயாம்."

"ஓம் அக்கா, சொன்னனான்."

"பிறகென்ன மறுகா? குற்றத்தை ஒப்புக்கொள்ளட்டாம். சின்னத் தண்டனையோட முடிச்சுத் தருவாவாம்."

எந்தச் சொல்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. லோயருக்குக் கடதாசியில் இருந்தது, அதனால் கேட்கவில்லை. மச்சாளுக்கு வேலைக்குப் போகிற அவசரம், அதனால் கேட்கவில்லை. இவர், சுத்தியலோடு ஒருவரின் அறைக்குள் போனதுதான் இந்த நாட்டில் குற்றம் என்று நினைத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். குற்றவாளி என்று ஒருமுறை எழுதிவிட்டால் அந்த விசாவும் போகும், பிறகு அகதி வழக்குப் போட்டாலும் அந்தக் கதவும் இறுகிவிடும் என்று மட்டும் பலர் சொல்லக் கேட்டு எனக்குத் தெரியும்.

இப்போது இந்த மண்டபத்துக்கு வருகிறேன். முகத்தைத் திருப்ப வேண்டாம்.

நாங்கள் ஆறுதல் தேடி இந்தச் சபைக்கு வந்தோம். வந்த இரண்டாம் ஞாயிறே கதை எங்களுக்கு முன்னால் வந்து கதிரை போட்டு இருந்தது. வெள்ளைக்காரனைச் சுத்தியலால் அடிக்கப் போனவன் என்று. பக்கத்தில் இருந்தவர்கள் கைப்பையை மடியில் எடுத்து வைத்தார்கள். பாஸ்டர் ஐயா, நீங்கள் இவரை முன்னுக்குக் கூப்பிட்டு, இவருக்குள் கோபத்தின் ஆவி இருக்கிறது, அதைத் துரத்த வேண்டும் என்று சொன்னீர்கள். நுளம்பு கடித்தாலும் ஊதி விடுகிற மனிசனுக்குள் கோபத்தின் ஆவி! முழங்காலில் விட்டு, நாலு பேர் தலையில் கை வைத்து அமத்தி, வெளியே வா, வெளியே வா என்று கத்தினீர்கள். இல்லாத ஆவி எப்படி வரும்? அது வரவில்லை என்று அடுத்த கிழமையும் செய்தீர்கள். அதற்கடுத்த கிழமையும். மனிசன் நெற்றி தரையில் முட்ட முட்டக் குனிந்துகொண்டே போனார். பங்குனி மாதம் அளவில் ஒரு நாள் பஸ்ஸில் வரும்போது என்னிடம் மெல்லக் கேட்டார்.

"புள்ள, நான் உண்மையாவே வெருட்டித்தான் இருப்பனோ? இத்தனை பேர் சொல்லுறாங்க. எனக்குத் தெரியாம எனக்குள்ள ஏதும் இருக்குமோ?"

கர்த்தருடைய பிள்ளைகள் செய்த வேலை அது. பொலிஸ் கையில்தான் விலங்கு போட்டது.

அந்த மாதத்திலேயே ஊரில் இருந்து ரெலிபோன் வந்தது. பள்ளிக்கூடத்து அகதி முகாமில் காய்ச்சல் பரவியிருந்தது. இவருடைய அம்மா அதில் போய்ச் சேர்ந்துவிட்டா. கட்டாருக்குப் போனபோதும், பிறகு கனடாவுக்கு வந்தபோதும் இவர் அந்த அம்மாவின் காலைத் தொட்டு, "வாறன் அம்மா" என்று சொல்லிவிட்டு வந்தவர். அம்மா படலையடியில் நின்று கையசைத்தவ. இப்போது போக முடியாது. போனால் திரும்பி இந்த நாட்டுக்குள் வர முடியாது, வழக்குக்குப் பயந்து ஓடிப்போனவன் என்று எழுதுவார்கள். மச்சாள் நாட்டுக்காரி, அவ போயிருக்கலாம். சண்டைக்குப் பயந்து போகவில்லை. அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு அவ தலையில் அடித்து அழுதபடி தம்பியைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னா.

"உன்ட கேசை நினைச்சு ஏங்கித்தான்டா அம்மா செத்தா."

இவர் மெத்தையைச் சுருட்டிச் சுவரோடு வைத்துவிட்டு அதில் முகத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றார். அடுத்த நாள் லோயரிடம் சொல்லச் சொன்னார்: குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், சீக்கிரம் முடியட்டும்.

அன்றைக்கு நான் ஜெபித்த ஜெபம் அழகான ஜெபம் இல்லை. பாட்டும் இல்லை, வசனமும் இல்லை. மலகூடத்துக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டு, ஆண்டவரே, வழக்கை வெல்லவும் வேண்டாம், விசாவும் வேண்டாம், இந்த மனிசன் அப்படி என்னதான் செய்தார் என்று எனக்கு ஒருக்காச் சொல்லும், அதைச் சொல்லாமல் எங்களைக் கொல்லாதேயும் என்று கேட்டேன். சண்டை பிடித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆண்டவர் ஒரு பேச்சு வாங்கித் தந்து பதில் சொன்னார்.

மச்சாள் வீட்டுக்குக் கீழ் மாடியில் மதாம் ரோஸ் என்று ஹெயிட்டி நாட்டுக்காரி ஒருத்தி இருந்தா. தனிக்கட்டை. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். ஒரு நாள் படியில் நான் அழுதுகொண்டிருந்ததைக் கண்டு, கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கோப்பி தந்தா. அதற்குப் பிறகு பின்னேரங்களில் மச்சாளின் வாய்க்குத் தப்பி அவவின் குசினிக்கு இறங்கிவிடுவேன். அவ வாழைக்காய் பொரிப்பா, நான் தோல் உரிப்பேன். அவ தன் பாசையில் ஜெபிப்பா, நான் என் பாசையில் ஜெபிப்பேன். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது என்னுடைய அரைகுறைப் பிரெஞ்சுதான். அதையும் இவர்தான் எனக்குச் சொல்லித் தந்தவர். வந்தால் என்ன சொல்ல வேண்டும், வாங்கினால் என்ன சொல்ல வேண்டும், வெளிக்கிடும்போது என்ன சொல்ல வேண்டும் என்று. அதன்படி ஒவ்வொரு நாளும் எழும்பி வரும்போது, "ஜு ரெவியன், மதாம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வருவேன்.

இவர் ஒப்புக்கொள்ளப் போகிறேன் என்று சொன்ன அதே கிழமை, நான் அப்படிச் சொல்லிக்கொண்டு எழும்ப, மதாம் ரோஸ் அகப்பையை மேசையில் ஓங்கி அடித்தா.

"பொய்க்காரி!" என்றா. பிரெஞ்சுச் சொல்தான், ஆனால் முகத்தைப் பார்த்தே விளங்கியது. "வின்ரர் முழுக்க இதே பொய்! ஒவ்வொரு நாளும் சொல்லிவிட்டுப் போகிறாய், நான் கதவைப் பூட்டாமல், கோப்பியை அடுப்பில் வைத்துக்கொண்டு காவல் இருக்கிறேன். ஒரு நாளாவது வந்தாயா? நான் கிழவி என்று பகிடி பண்ணுகிறாயா?"

நான் விழித்தேன். "நான் என்ன சொன்னனான் மதாம்?"

அவ கையாலும் காலாலும் நடித்துக் காட்டினா. கதவால் வெளியே போனா. திரும்பி உள்ளே வந்தா. விரலை நீட்டினா. "ஜு ரெவியன். இப்போது போகிறேன், திரும்பி வருவேன். இங்கேயே. உன்னிடம்."

நான் அப்படியே குசினி நிலத்தில் இருந்துவிட்டேன்.

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, சகோதரங்களே. எங்களில் யார் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது "போறன்" என்று சொல்வார்? சொன்னால் அம்மா வாயில் ஒரு அடி போடுவா. போறன் என்பது செத்தவன் சொல்கிற சொல். நாங்கள் வாறன் என்போம், போயிட்டு வாறன் என்போம். கோவிலுக்குப் போனாலும், கொழும்புக்குப் போனாலும், இனி அந்தப் படியே மிதிப்பதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டு போனாலும் வாறன்தான். பெக்டரியில் வைத்த பிரெஞ்சு வகுப்பில் ரீச்சர் இவருக்கு ஜு மொன் வே, போகிறேன், என்று சொல்லக் கற்பித்திருக்கிறா. அப்படி அபசகுனமாகச் சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. தன் மரியாதைக்குத் தானே ஒரு மொழிபெயர்ப்புச் செய்துகொண்டார். வேலையால் துரத்திய மனிசனின் அறைக்குள் போய், கையில் சுத்தியலோடு, முகத்தில் சிரிப்போடு, "ஜு ரெவியன்" என்றார். திரும்பி வருவேன், உன்னிடம்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவருக்கு இருந்தது ஒரு வார்த்தை, அதுவே பிழையாய்ப் போனது.

இரண்டு படி இரண்டு படியாக மேலே ஓடினேன். இவர் யன்னலடியில் இருந்தார். சொன்னேன். உடனே துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அசையவில்லை. "வாறன் எண்டு சொன்னதுக்கா?" என்றார். பிறகு, "நான் வாறன் எண்டு சொல்லி வராம விட்டது அம்மாட்ட மட்டும்தான் புள்ள" என்றார். சொல்லிவிட்டு அழுதார். நானும் பக்கத்தில் இருந்து அழுதேன்.

லோயர் முதலில் நம்பவில்லை. எல்லாரும் கடைசி நேரத்தில் ஒரு கதையோடு வருவார்கள் என்ற முகம். நான் மதாம் ரோஸைக் கூட்டிக்கொண்டு போனேன். அவ இருந்த இருப்பிலேயே அலுவலகம் முழுக்கக் கேட்கச் சொன்னா: "இவள் இதே வார்த்தையை எனக்கு வின்ரர் முழுக்கச் சொன்னாள். ஒருமுறைகூடத் திரும்பி வரவில்லை. இது வெருட்டல் என்றால் இவளையும் பிடியுங்கள்." லோயர் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தா. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கடதாசியில் அந்த வரியை மறுபடி வாசித்தா. ஒப்புக்கொள்ள வேண்டாம் என்றா.

சித்திரையில் வழக்கு. அன்றைக்கு மட்டும் ஊருக்குள் வரலாம் என்று கோட் அனுமதித்தது. மதாம் ரோஸ் கோவிலுக்குப் போடுகிற தொப்பியைப் போட்டுக்கொண்டு எங்களோடு பஸ்ஸில் வந்தா. போர்மனை அன்றுதான் நான் முதல்முறை கண்டேன். பேய் என்று நினைத்திருந்தேன். மெலிந்த, கண்ணுக்குக் கீழ் கறுத்த ஒரு மனிசன். வின்ரர் முழுக்கப் பிள்ளைகளைத் தனியே பஸ்ஸுக்கு விடவில்லை, கட்டிலுக்குக் கீழே தடி வைத்துக்கொண்டு படுத்தேன் என்று சொன்னான். பொய் சொல்லவில்லை. உண்மையாகவே பயந்திருக்கிறான். எங்களைப் போலவே அவனும் ஒரு வார்த்தைக்குள் கிடந்து வெந்திருக்கிறான். பெக்டரியும் அதற்கிடையில் மூடிவிட்டது. அவனுக்கும் வேலை இல்லை.

மொழிபெயர்க்க மொன்ட்ரியாலில் இருந்து ஒரு யாழ்ப்பாணத்து ஐயா வந்திருந்தார். நெற்றியில் திருநீறு. நீதிபதி கேட்டதை அவர் இவரிடம் கேட்டார்.

"உங்கட பாசையிலை, ஒரு இடத்தாலை வெளிக்கிடேக்கை என்ன சொல்லுவியள் எண்டு கேக்கிறார்."

"வாறன் எண்டு சொல்லுவம் ஐயா."

"திரும்பி வாற எண்ணம் இல்லாட்டிலுமோ?"

"ஓம். அப்பவும் அதுதான்."

அந்த ஐயா நீதிபதியின் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தவர் ஒரு கணம் நின்றுவிட்டார். தானும் அன்று காலை மனிசியிடம் அதையே சொல்லிவிட்டு வந்த நினைப்பு வந்ததாகப் பிறகு எங்களிடம் சொன்னார். பிரெஞ்சில் அதைச் சொன்னார். அடுத்ததாக மதாம் ரோஸ் ஏறி, பூட்டாத கதவையும் ஆறிப்போன கோப்பியையும் சொன்னா. பொய்க்காரி என்று என்னைப் பேசியதையும் விடாமல் சொன்னா. கோட்டில் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். போர்மன் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள். போர்மன் மன்னிப்புக் கேட்கவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு எங்களைப் பாராமல் போய்விட்டான். நீதிபதி இவரைப் பார்த்து நீ போகலாம் என்றார். வாசலில் அந்த யாழ்ப்பாணத்து ஐயாவிடம் இவர் விடைபெற்றார்.

"போறன் ஐயா."

ஐயா பதறிப்போனார். "சீ, என்ன கதை இது! போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ."

"வேணாம் ஐயா," என்றார் இவர். "அதுக்குத்தானே இவ்வளவும்."

அதற்குப் பிறகு இவர் வாயில் அந்தச் சொல் வரவே இல்லை. கோட் உத்தரவால்தான் ஊரை விட்டு வெளியே இருந்தார் என்று லோயர் விசாக்காரருக்கு எழுதினா. அவர்கள் வேறு தூர ஊர் ஒன்றில் வேலை தேடத் தவணை தந்தார்கள். ட்ரெயிலர் செய்கிற ஒரு கொம்பனி எடுத்தது. இன்னும் வடக்கே, இன்னும் குளிர், அதே கயிறு. இவர் அங்கே, மாதத்துக்கு ஒருமுறை மொன்ட்ரியால். நான் கீழ் மாடியில், மதாம் ரோஸோடு. ஒவ்வொரு முறையும் பஸ் ஏறும்போது மனிசன் "போறன்" என்பார். திரும்பி வந்து கதவைத் தட்டும்வரை முழங்காலில் நிற்பேன். இரண்டாவது வின்ரரும் போய், நிரந்தர விசா கையில் வந்த நாளிலும் "கடைக்குப் போறன்" என்றுதான் சொல்லிவிட்டுப் பால் வாங்கப் போனார். ஆண்டவரே, நாட்டைத் தந்தீர், இவர் வாயில் இருந்து எடுத்ததை யாரிடம் கேட்பது என்று நான் மறுபடி சண்டை தொடங்கினேன்.

இப்போது நான் இன்றைக்கு ஏன் எழும்பினேன் என்று சொல்கிறேன்.

நேற்று இவரை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தேன். ஊரில் சண்டை முடிந்துவிட்டது. அம்மாவின் கல்லறையைப் பார்க்கப் போகிறார். வில்லரே பகுதியில் நாங்கள் பிறகு எடுத்த வீட்டின் கதவைப் பூட்டும்போதும் "போறன்", டாக்சியில் ஏறும்போதும் வழியனுப்ப வந்த மதாம் ரோஸிடம் "போறன்". நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். உள்ளே போகிற கண்ணாடிக் கதவடியில் என் கையைப் பிடித்தார். கன நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, கட்டாருக்குப் போன நாளில் அம்மாவிடம் சொன்ன அதே குரலில் சொன்னார்.

"வாறன் புள்ள."

அவர் போய் வரிசையில் நின்றார். டிக்கெட் பார்க்கிற பெண் பிள்ளை கடதாசியைத் திருப்பிக் கொடுக்க, இந்த மனிசன் பழைய பழக்கத்தில், சிரித்த முகத்தோடு, எனக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"ஜு ரெவியன்."

பொலிஸ் எங்கே நிற்கிறது என்று சுற்றிப் பார்த்தேன். உண்மையாகவே பார்த்தேன். அந்தப் பிள்ளை தலையை நிமிர்த்தி இவரைப் பார்த்தாள். சிரித்தாள். இப்போது எனக்குப் பிரெஞ்சு விளங்கும், சகோதரங்களே. அவள் சொன்னது இதுதான்: "வாருங்கள் ஐயா. காத்திருப்போம்."

அதே வார்த்தை. அதே நாடு. அதே சிரிப்பு.

இதுதான் என் துதி. கையில் சுத்தியல் இருந்தபோது விலங்கு போட்ட வார்த்தைக்கு, கர்த்தர் இப்படி ஒரு பதிலைக் கேட்கப் பண்ணினார். அம்மாவைத் திருப்பித் தரவில்லை. அந்த வின்ரரைத் திருப்பித் தரவில்லை. நெற்றி தரையில் முட்டின அந்த ஞாயிறுகளையும் திருப்பித் தரவில்லை. நான் கணக்குத் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டதற்குப் பதில் சொன்னார். மச்சாள், உங்களுக்கு நன்றி என்று சொன்னேனே, அது இதுதான்: உங்கள் வாய் இனிமையாக இருந்திருந்தால் நான் கீழ் மாடிக்கு இறங்கியே இருக்க மாட்டேன். பாஸ்டர் ஐயா, நீங்கள் துரத்தின ஆவி எங்கேயும் போகவில்லை, அது நேற்று விமானத்தில் ஏறி அம்மாவிடம் போயிருக்கிறது. வந்ததும் இங்கே கூட்டிக்கொண்டு வருவேன். அப்போது அவர் தலையில் கை வைக்காதீர்கள், கையைப் பிடியுங்கள்.

உங்களில் சிலர் இன்றைக்கு எந்தக் கயிற்றில் கட்டுண்டு இருக்கிறீர்களோ எனக்குத் தெரியாது. விசாவோ, வழக்கோ, வருத்தமோ. போகவும் ஏலாது, நிற்கவும் ஏலாது என்று இருப்பீர்கள். என்னைப் போல ஆண்டவரோடு சண்டை பிடியுங்கள். அவர் கோவிக்க மாட்டார். நாங்கள் நம்புகிறவர் இந்தப் பூமியை விட்டுப் போகும்போது என்ன சொல்லிவிட்டுப் போனார்? போகிறேன் என்று மட்டுமா சொன்னார்? வருவேன் என்றுதானே சொல்லிவிட்டுப் போனார். அதை நம்பித்தானே இத்தனை பேரும் இந்தக் குளிருக்குள் இங்கே வந்து இருக்கிறோம். கதவைப் பூட்டாமல், கோப்பியை அடுப்பில் வைத்துக்கொண்டு காவல் இருப்போம். மதாம் ரோஸ் இருந்த மாதிரி.

நேரம் போய்விட்டது. மதாம் ரோஸ் வெளியில் குளிரில் எனக்காக நிற்கிறா.

நான் வாறன்.